சிவப்பை அமுக்கு

அக்டோபர் 13, திங்கள்

பேனல் முடிந்தது. நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, அழகாக வந்திருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நிஜமாகவே பொன்.

யாராவது பிற்பாடு இந்த டைரியைப் புரட்டினால் புரியட்டும் என்று எழுதுகிறேன். கோயமுத்தூரில் கிரைண்டரும் மோட்டாரும் மட்டும்தான் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். பீளமேட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கம்பெனியில் நாங்கள் டிஃபிப் செய்கிறோம். நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சி ஆளைப் பிழைக்க வைக்கிற கருவி. சினிமாவில் காட்டுகிறார்களே, அப்படி நின்றுபோன இதயத்துக்கு இல்லை. தாறுமாறாகத் துடித்துக்கொண்டு, ரத்தத்தைத் தள்ளாமல் கிடக்கிற இதயத்தை ஒரு அடி போட்டு ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்கு. உள்ளே இருக்கிற பேட்டரி, கெப்பாசிட்டர் எல்லாம் மற்றவர்கள் வேலை. நர்ஸின் விரல் படுகிற முன்பக்கம் முழுக்க என் வேலை.

பச்சை பட்டன் ஆன் செய்ய, மஞ்சள் சார்ஜ் ஏற்ற, சிவப்பு ஷாக் கொடுக்க. ஏதாவது ஏடாகூடம் என்றால் பச்சையை இன்னொரு முறை தொட்டால் போதும், எல்லாம் அணைந்துவிடும். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நான் பார்த்த பழைய மிஷின்களிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அவை முக்கி முனகி வேலை செய்யும். என்னுடையது சொன்ன பேச்சை உடனே கேட்கும். எங்கள் சாஃப்ட்வேர் ஆள் சேவியர், நாகர்கோவில்காரன், "மேடம், அழுத்திப் பிடிச்சாதான் அணையணும்னு வச்சா என்ன?" என்று கேட்டான். ஆபத்து நேரத்தில் யாரப்பா பட்டனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று சிரித்துவிட்டேன்.

தங்கை பூங்கொடி சனிக்கிழமை பெட்டியோடு வந்தாள். நர்ஸ் வேலையில் லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு, இவளுக்குப் பத்து நாளைக்கு மேல் லீவாம். வந்ததிலிருந்து பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

லீவு இல்லை. சஸ்பெண்டுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்திருக்கிற செல்லப் பெயர் அது.

போன வெள்ளிக்கிழமை காலை, ஐ.சி.யூ.வில் சோமனூர்க்காரர் ஒருவர், தறி வைத்திருப்பவர், அவருடைய இதயம் தறிகெட்டுத் துடிக்க ஆரம்பித்திருக்கிறது. நெஞ்சில் பட்டைகளை ஒட்டி, மிஷினில் சார்ஜ் ஏற்றி, டாக்டர் "ஷாக்!" என்று சொல்ல, இவள் சிவப்பை அமுக்குவதற்குப் பதிலாகப் பச்சையை அமுக்கியிருக்கிறாள். மிஷின் அணைந்துவிட்டது. அந்தக் கிழட்டு மிஷின் மறுபடி எழுந்து, தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, சார்ஜ் ஏற்றி முடிப்பதற்குள் யுகம் ஆகியிருக்கிறது. ஆள் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் கொஞ்சம் பலம் குறைவு. "நர்ஸு மிஷினை அணைச்சுப்போட்டா" என்று அவருடைய மகன் எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் விசாரணை. வேலையோடு போகுமா, நர்ஸ் என்கிற பதிவும் சேர்ந்து போகுமா, தெரியவில்லை.

"எப்பிடிடி பச்சையப் போயி அமுக்குன?"

"நான் சிவப்பத்தாங்க்கா அமுக்குனேன்."

"சிவப்ப அமுக்குனா ஏன் அணையுது?"

"தெரியல. எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே 'சிவப்ப அமுக்கு'ன்னுதான். கண்ண மூடிட்டுக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

எனக்கு வருத்தமெல்லாம் இல்லை, கோபம்தான். நான் நாள் முழுக்க நர்ஸ்களின் விரலைப் பற்றியே யோசிக்கிறவள். என் வீட்டு விரலே தப்பான இடத்தில் போய் விழுந்தால் எப்படி இருக்கும்?

அக்டோபர் 17, வெள்ளி

கம்பெனியில் வெள்ளிக்கிழமை பூஜை. எங்கள் முதலாளி தண்டபாணி சார் அமெரிக்காவில் படித்தவர். ஆனால் வெள்ளிக்கிழமையானால் லேத்திலிருந்து லேப்டாப் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் காபியைத் தொட மாட்டார். இயந்திரத்தை நம்பிப் பிழைக்கிற ஊர், வேறு எப்படி இருக்கும்? என் பேனலுக்கு மட்டும் அவரை விடவில்லை, பெற்றவள் நானே வைத்தேன். சுண்டலில் உப்பு இல்லை.

அக்டோபர் 20, தீபாவளி

பூங்கொடி முறுக்கு சுட்டாள். ஒன்றுகூடக் கருகவில்லை, ஒன்றுகூட அவள் தின்னவும் இல்லை. பக்கத்து வீட்டில் சரவெடி வைத்தபோது எண்ணெய்க் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் நெடுநேரம் தன் வலது கட்டை விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்ற தங்கச்சிகிட்ட ஏதாச்சும் பேசு" என்றார் வீட்டுக்காரர். என்ன பேசுவது? நான் எடுத்துக் கொடுத்த சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நல்ல மாம்பழக் கலர்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று என் நாள்!

வெளியிலிருந்து நர்ஸ்களை வரவழைத்து, ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து முதல் சோதனை. நிஜ வார்டு மாதிரி இருக்க வேண்டும் என்று நான் அழுகைச் சத்தம், அலாரச் சத்தம் எல்லாம் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டேன். சேவியர் டாக்டராக நின்று காட்டுக் கத்தலாகக் கத்தினான். அவனுக்குள் இப்படி ஒரு நடிகன் இருப்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு நர்ஸ்கூடத் தப்பு செய்யவில்லை. பழைய மிஷினில் தடுமாறுகிற நேரத்தில் என் மிஷினில் ஷாக் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு அம்மா, "கை தானாப் போகுதுங்க" என்றார். அந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

தண்டபாணி சார் எல்லோருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தார். முதல் ஆர்டரே பூங்கொடியின் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வரப்போகிறதாம்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பூங்கொடியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "எங்க மிஷினும் நல்லாத்தாங்க்கா இருந்துச்சு" என்றாள். அது எனக்குச் சுருக்கென்றது. "மிஷினு நல்லாருந்தா மட்டும் போதுமா? கண்ணுன்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்று கேட்டுவிட்டேன். குக்கர் விசில் அடிக்கிறது என்று எழுந்து உள்ளே போனாள். விசில் அடிக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

பூங்கொடி சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையாம். நானும் சாப்பிடவில்லை, எனக்கு வேலை இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. இரண்டாவது சோதனை. வேறு நர்ஸ்கள், அதே பொம்மை, அதே அழுகைச் சத்தம், அதே சேவியர். வந்தவர்களில் பாதிப் பேர் சார்ஜ் ஏறியதும் மிஷினை அணைத்தார்கள். அணைத்துவிட்டு, என்ன நடந்தது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஒருத்தியைக் கேட்டே விட்டேன், "ஏம்மா, பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று. அவள், "சிவப்பத்தானுங் மேடம் அமுக்குனேன்" என்றாள்.

அவள் போன பிறகும் அந்தக் குரல் காதிலேயே நின்றது. எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

சேவியரோடு சண்டை. நேற்று வந்தவர்களுக்குப் பயிற்சி போதாது, வேறு ஆட்களைக் கூப்பிடு என்றேன். "ஆளு மாறலாம் மேடம், பேனலு மாறலைல்லா? அது ஏன் போன தடவை ஒழுங்கா இருந்துச்சு?" என்று அவன் மல்லுக்கு நின்றான். கோபத்தில், "நகரு, நானே செஞ்சு காட்டறேன்" என்று பொம்மைக்கு முன்னால் போய் நின்றேன். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைக்கச் சொன்னேன். சேவியருக்கு என்மேல் இருந்த எரிச்சலெல்லாம் கத்தலில் வந்தது. பழக்கத்தில் பார்க்காமலே ஆன் செய்தேன். சார்ஜ் ஏறியது. "ஷாக்! ஷாக் குடுங்க!" என்று அலறினான்.

அமுக்கினேன். மிஷின் அணைந்தது.

அந்தப் பேனலைக் கோடு கோடாக வரைந்தவள் நான். ஒவ்வொரு பட்டனின் அளவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் விரலே பச்சையில் போய் விழுந்தது. குனிந்து பார்த்தால் அங்கே பச்சை இல்லை. நேற்றுக் காலை பூஜையில் நான் வைத்த சந்தனம் பச்சையை மூடியிருந்தது. அதன் நடுவில் குங்குமம், டியூப் லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று. அந்தப் பேனலிலேயே அதைவிடச் சிவப்பாக வேறு எதுவும் இல்லை. நான் பார்த்துப் பார்த்து வைத்த சிவப்பு பட்டன் அதன் பக்கத்தில் சோகை பிடித்துக் கிடந்தது.

முதல் சோதனை செவ்வாய்க்கிழமை நடந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முந்தின நாளே மிஷினைத் துடைத்து வைத்திருந்தோம். நேற்று வெள்ளிக்கிழமை. மாறியது அவ்வளவுதான்.

துணியை நனைத்துப் பொட்டைத் துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். சிவப்பிலேயே விழுந்தது விரல். மறுபடி பொட்டு வைத்துச் சேவியரைச் செய்யச் சொல்லி நான் கத்தினேன். எல்லாம் தெரிந்த அவனுக்கே கை பச்சை பக்கம் போய்த் திரும்பியது. "ஆத்தாடி" என்றான்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏண்டி, உங்க வார்டு மிஷினுக்கெல்லாம் பொட்டு வெப்பீங்களா?"

"வெள்ளிக்கெழமையானா வெப்பம். டூட்டிக்குப் போனதும் மொத வேல அதான்."

"யாரு வெக்கறது?"

"நாந்தான். மத்தவிய மறந்துருவாங்க."

"டிஃபிப்புக்கு எங்க வெப்ப?"

"சுச்சு மேலதான். வேற எங்க வெப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் ஏன் கேட்கிறேன் என்று என்னைப் பார்த்தாள். கம்பெனியில் நடந்ததைச் சொன்னேன். பாதிப் பேர் அணைத்ததையும், நான் அணைத்ததையும். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப நான் சிவப்பத்தாங்க்கா அமுக்குனேன்" என்றாள். ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. இந்தத் தடவை சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டாள். "வெச்சதும் நாந்தான, அக்கா?" கண் இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நெய் விட்டு இன்னொரு தோசை ஊற்றினேன். தின்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

தண்டபாணி சாரிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பொட்டு என்றதும் அவர் முகம் வாடியது, பாவம்.

"சரி பண்ணிப்போடலாம் அம்மிணி. சத்தமில்லாம டிசைன மாத்து. ஒரு மாசம் தள்ளிப் போனாப் போச்சாது, உடு."

"மாத்திருவேனுங் சார். ஆனா பத்தொம்பதாந்தேதி விசாரணைல நான் போயி இதச் சொல்லோணும்."

"என்னன்னு சொல்லுவ?"

"பொட்டு வெச்சிருந்தா எந்தக் கையும் அங்கதான் போகும்னு. என்ற பேனல்லயே அப்பிடித்தான் ஆச்சுன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நமக்கு மொத ஆர்டரு தர்ற ஆஸ்பத்திரிம்மா அது. அங்கயே போயி எங்க மிஷினும் அணைஞ்சுபோச்சுன்னு சொல்லுவியா? யாராச்சும் தன்ற தலைல தானே மண்ண வாரிப் போட்டுக்குவாங்களா?"

அவர் சொல்வதில் தப்பில்லை. இந்தத் தொழிலில் பேர்தான் எல்லாம். ரேணுகா பேனல் என்றால் கையை வைத்தால் தெரியும் என்று மற்ற கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். அதைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பேரை என் கையாலேயே ஒரு மேசைமேல் வைத்து உடைக்க வேண்டும்.

நான் போவது தங்கைக்காக இல்லை, உண்மைக்காக. எழுதிப் பார்த்தால் பொய்யாகத் தெரிகிறது. தங்கைக்காகத்தான்.

நவம்பர் 14, வெள்ளி

பூஜை. தண்டபாணி சார் சந்தனக் கிண்ணத்தோடு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, டிஃபிப் முன்னால் நின்றுவிட்டார். விரல் நுனியில் சந்தனம் காய்கிற வரைக்கும் நின்றார். அப்புறம் விரலைத் தன் நெற்றியிலேயே தடவிக்கொண்டு, "இத விசாரணைக்கு எடுத்துட்டுப் போ. பஸ்ல தூக்கிட்டு அலையாத, கார அனுப்பறேன்" என்றார்.

நல்ல மனிதர். சம்பளம் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் தெய்வம்.

நவம்பர் 19, புதன்

விசாரணை. ஒரு நீள மேசை, சூப்பரின்டென்டன்ட் டாக்டர், மேட்ரன், அன்றைக்கு வார்டில் இருந்த டாக்டர் ஷமீலா, சோமனூர்க்காரரின் மகன். ஓரத்தில் பூங்கொடி, யூனிஃபார்ம் போடலாமா கூடாதா என்று தெரியாமல் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பேசவிடுவதா என்று அவர்கள் யோசிப்பதற்குள் நான் மிஷினை மேசைமேல் வைத்துவிட்டேன். சேவியரும் வந்திருந்தான். கத்துவதற்கு வேறு ஆள் கிடையாதே.

வெள்ளிக்கிழமை வைப்பதுபோலவே பச்சைமேல் பொட்டு வைத்திருந்தேன், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மிஷினுக்கு நேராகச் சோமனூர்க்காரரின் மகனைத்தான் கூப்பிட்டேன். "தம்பி, உங்களுக்கு இது ஒண்ணும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. ஷாக்குன்னு கத்தும்போது சிவப்ப அமுக்கோணும்." அவன் முறைத்துக்கொண்டேதான் வந்து நின்றான். நானே ஆன் செய்து சார்ஜ் ஏற்றினேன். ஸ்பீக்கரில் அழுகை. சேவியர் அலறினான். அந்தப் பையனின் முகம் வெளுத்தது. அவன் அப்பாவின் நினைவு வந்திருக்கும். கையை நீட்டிப் பொட்டை அமுக்கினான்.

மிஷின் அணைந்தது. ஸ்பீக்கரையும் நிறுத்தச் சொன்னேன். அவன் தன் விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது உங்க புது மிஷின்தானே? நாங்க வாங்கறதா இருக்கிற மிஷின்?" என்று சூப்பரின்டென்டன்ட் கேட்டார்.

"ஆமாங்க."

"இதுலயும் இந்தத் தப்பு நடக்கும்னு நீங்களே வந்து சொல்றீங்க?"

"நான் வரைஞ்ச பேனலுங்க. எனக்கே நடந்துச்சு. பேனலு இப்பிடி இருந்தா வெள்ளிக்கெழம யார் நின்னாலும் நடக்கும். இன்னைக்கு இந்தப் புள்ளைய வேலைய விட்டு அனுப்பினீங்கன்னா, நாளைக்கு அந்த எடத்துல நிக்கிற புள்ளைக்கும் நடக்கும்."

வெள்ளிக்கிழமை எல்லாச் சாதனத்துக்கும் பொட்டு வைப்பது உண்டு என்று மேட்ரன் ஒப்புக்கொண்டார். அப்போதுதான் டாக்டர் ஷமீலா பேசினார். அதை அவர் சொன்னபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"மிஷின் அணைஞ்சது பத்தி எல்லாரும் கேட்டீங்க. அணைஞ்ச பிறகு என்ன நடந்ததுன்னு யாரும் என்னைக் கேக்கல. நான் 'அய்யோ'ன்னு சொல்றதுக்குள்ள பூங்கொடி கட்டில் மேல ஏறி நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மிஷின் திரும்ப எழுந்திருக்கிற வரைக்கும் ஒரு அமுக்கு தவறல. வேற ஆள் மாத்தறேன்னு வந்தாங்க, தாளம் விட்டுப் போயிரும்னு இவங்க நிறுத்தல. அவ்வளவு நேரமும் அவரோட இதயமா வேலை செஞ்சது இவங்க கைதான். அவர் உசிரோட வீட்டுக்குப் போனதுக்குக் காரணம் நான் குடுத்த ஷாக் பாதி, அது பாதி."

அந்த மகன் எழுந்து பூங்கொடியிடம் போனான். திட்டத்தான் போகிறான் என்று நினைத்தேன். கும்பிட்டான். இவள் பதறிப்போய், "அட ஏனுங், உக்காருங். அப்பாவுக்குக் கைப் பயிற்சி குடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் பேக்கரியில் டீயும் எக் பப்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"என்னத்த?"

"கட்டில் மேல ஏறி நெஞ்ச அமுக்குனத."

"அது எங்க வேலதான? அதப் போயி யாராச்சும் சொல்லிட்டுத் திரிவாங்களா?"

நான் ஒரு பட்டனை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினாலே தெருவுக்கெல்லாம் சொல்கிறவள். இவள் என் தங்கை என்று பேக்கரிக்காரனிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன். அவன், "சரிங்க்கா, டீ ஸ்ட்ராங்கா?" என்றான்.

நவம்பர் 24, திங்கள்

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் டிஃபிப் இல்லாத வார்டாகப் பார்த்துப் போடுங்கள் என்று இவளே கேட்டிருக்கிறாள். தோல் நோய்ப் பிரிவில் போட்டிருக்கிறார்களாம். "அங்க நிம்மதி அக்கா" என்கிறாள். நிம்மதியாக இருக்கிறவள் கட்டை விரலை ஏன் பார்க்கிறாள்?

நெஞ்சு நின்றுபோகிற நேரத்தில் கட்டில் மேல் ஏறுகிற ஒரு பெண் களிம்பு தடவிக்கொண்டிருப்பதா? வேலை கிடைத்தது, அவள் இன்னும் கிடைக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பேனலை முழுசாகக் கலைத்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்கு மறுபடி பிரசவம்.

சிவப்பு பட்டன் இனி நிறத்தை மட்டும் நம்பி இல்லை. மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது, மேலே எழும்பி நிற்கும், தடவினால் மூன்று வரப்பு தெரியும், சார்ஜ் ஏறியதும் அதைச் சுற்றி வளையமாக விளக்கு மின்னும். கண்ணை மூடிக்கொண்டாலும் விரலுக்குத் தெரியும். பச்சை மேல் மூலைக்குப் போய்விட்டது, ஒரு குழிக்குள். சார்ஜ் ஏறியிருக்கும்போது அதைச் சும்மா தொட்டால் மிஷின் அணையாது, அழுத்திப் பிடித்தால்தான் அணையும். சேவியர் சொன்னதேதான். அவனிடம் போய், "நீ சொன்னது சரி" என்று சொன்னேன். காய்ச்சலா என்று கேட்டான்.

ஆனால் நான் சொன்னதும் தப்பில்லை. ஷாக் கொடுக்கப் போகிற நேரத்தில் யாராவது நோயாளியைத் தொட்டுக்கொண்டிருந்தால்? உடனே நிறுத்த வழி வேண்டாமா? அதற்கு 'ரத்து' என்று தனிப் பட்டன் வைத்தோம், வெள்ளையில், இடது கை ஓரத்தில். அதைத் தொட்டால் ஏறிய மின்சாரம் உள்ளேயே கரைந்துவிடும், ஆனால் மிஷின் விழித்தேயிருக்கும். சண்டை போட்டதற்கு இரண்டு பேர் பக்கமும் பலன்.

தண்டபாணி சார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அம்மிணி, பொட்டு வெக்க ஒரு எடம் உடுவியா?" கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன சதுரம் விட்டேன், வழவழவென்று, துடைத்தால் போகிற மாதிரி. உலகத்தில் எந்த டிஃபிப் வரைபடத்திலாவது அப்படி ஒன்றைப் பார்த்திருப்பார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. பெருமையாக இருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை வைத்தோம், வேண்டுமென்றே அந்த ஐ.சி.யூ.வில். ஆஸ்பத்திரிக்காரர்களே கேட்டார்கள். குறையை வாசல் தேடி வந்து சொல்கிறவர்களிடம் வாங்கலாம் என்று சூப்பரின்டென்டன்ட் சொன்னாராம். அதைத் தண்டபாணி சார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், தானே என்னை அனுப்பி வைத்ததுபோல.

காலிக் கட்டிலில் ரப்பர் பொம்மை. பச்சைமேல் நன்றாக அப்பிப் பொட்டு வைத்தேன். நர்ஸ்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எந்த விரலும் தடுமாறவில்லை. ஒரு பெண்ணின் கை மட்டும் பழைய பழக்கத்தில் பொட்டின் பக்கம் போய், தொட்டும் விட்டது. மிஷின் அசையவில்லை. அடுத்த நொடி அவள் சிவப்பைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பூங்கொடியை டாக்டர் ஷமீலா தோல் பிரிவிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். "நான் சும்மா பாக்கறேன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. கடைசி ஆளும் முடித்த பிறகு, அவளாகவே நடந்து வந்தாள்.

சேவியர் கத்த ஆரம்பித்தான். ஆன் செய்தாள். சார்ஜ் ஏறியது, சிவப்பைச் சுற்றி வளையம் மின்னியது. "ஷாக்!" என்றான். இவள் சிவப்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையைத் தூக்கி, பொட்டின் மேல் அமுக்கினாள்.

தவறுதலாக இல்லை. எல்லோரும் பார்க்க, வேண்டுமென்றே.

மிஷின் தன் நிதானமான குரலில், "சார்ஜ் ஏறியுள்ளது. அணைக்க வேண்டுமானால் அழுத்திப் பிடிக்கவும்" என்றது. அணையவில்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடி அதையே சொன்னது. மறுபடி. அப்புறம் கட்டை விரலை மடக்கிக்கொண்டு முஷ்டியால் குத்த ஆரம்பித்தாள். குங்குமம் தெறித்து அவள் யூனிஃபார்மெல்லாம் ஆயிற்று. சேவியர் கத்துவதை நிறுத்திவிட்டான். மற்ற நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என் பேனலை யாராவது அப்படிக் குத்தினால் கையை உடைத்திருப்பேன். குத்தட்டும் என்று நின்றேன். எத்தனை குத்து குத்தினாலும் அந்தச் சிவப்பு வளையம் அவளுக்காக மின்னிக்கொண்டே இருந்தது.

"அணைய மாட்டேங்குதுக்கா!" என்றாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "அணையவே மாட்டேங்குது!"

"சிஸ்டர், பேஷன்ட் காத்துக்கிட்டிருக்கார்" என்றார் டாக்டர் ஷமீலா.

பூங்கொடி முழங்கையால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்தாள். "எல்லாரும் தள்ளுங்க!" என்றாள். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. வீட்டில் அவள் பேசினால் பக்கத்து அறைக்கே கேட்காது. டாக்டர் உட்பட எல்லோரும் கட்டிலை விட்டு ஓர் அடி பின்னால் போனார்கள். நான் மட்டும், பேனல் செய்தவள் என்ற மிதப்பில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிஷினை ஒட்டியே நின்றிருந்தேன்.

"உனக்குந்தாங்க்கா. கையை எடு, தள்ளு."

தள்ளி நின்றேன்.